ஊருக்கே ஒரு ஐபி: ரேட் லிமிட்டர் கான்ஃபிக்கை எளிமையாக்குவது பற்றி

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுக்க யுபிஐ பல மணி நேரம் திணறியது பலருக்கு ஞாபகம் இருக்கும். டீக்கடையில க்யூஆர் அட்டையை ஸ்கேன் பண்ணிட்டு, பணம் போச்சா போகலையான்னு தெரியாம நின்ன நாள். பிறகு என்பிசிஐ ஆராய்ந்து சொன்ன காரணம் சுவாரசியமானது. பணம் அனுப்புகிற கூட்டம் தாங்காமல் அது படுக்கவில்லை. "அந்தப் பணம் என்னாச்சு?" என்று விசாரிக்கிற கோரிக்கைகளை (செக் டிரான்ஸாக்‌ஷன் என்று பெயர்) சில வங்கிகளின் சர்வர்கள் விடாமல் அனுப்பிக் குவித்ததில் படுத்தது.

அதற்கு அப்புறம் வந்த விதிகள் ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதில் ஒன்று: ஒரு ஆப்பில் ஒரு வாடிக்கையாளர் ஒரு நாளைக்கு 50 முறைதான் இருப்பு பார்க்கலாம். மொபைல் எண்ணோடு இணைந்த கணக்குகளின் பட்டியலை 25 முறைதான் எடுக்கலாம். இதெல்லாம் ரேட் லிமிட். கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தர்கிட்ட இதை வாசிச்சுக் காட்டினாலும் புரிஞ்சுடும், ஏன்னா இந்த ஒரு வரிக்குள் நாலு கேள்விக்கும் பதில் இருக்கு: யார், எதை, எத்தனை தடவை, எவ்வளவு நேரத்துக்குள்.

இதே சங்கதியை ஒரு நெட்வொர்க் லைப்ரரிக்குள் போய்த் தேடினால் அப்படி வாசிக்க முடியாது. நான் கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருப்பது லிப்-பி2பி என்கிற லைப்ரரியின் ரஸ்ட் மொழி வடிவம். ஐபிஎஃப்எஸ்ஸிலும் எத்தீரியத்திலும் கணினிகள் நடுவில் பெரிய சர்வர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இந்த லைப்ரரி குடும்பத்தை வைத்துத்தான். அதில் ரிலே என்று ஒரு பகுதி. அதன் ரேட் லிமிட்டர் கான்ஃபிக்கை எளிமையாக்கச் செய்த ஒரு சின்ன மாற்றத்தைப் படிக்கப் போய்த்தான் இந்தக் குறிப்பு வளர்ந்தது.

முதலில் ரிலே என்றால் என்ன? முப்பது வயசுக்கு மேல் உள்ளவர்களுக்கு பி.பி. நம்பர் தெரிந்திருக்கும். வீட்டில் போன் இல்லாதவர், பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து வைப்பார். போன் வந்தால் அந்த வீட்டம்மா வாசலில் நின்று கூப்பிடுவார். ரிலே அதேதான். கடையநல்லூரில் ஒரு போன், ஷார்ஜாவில் ஒரு போன். இரண்டுமே ரவுட்டருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை. வெளியிலிருந்து யாரும் நேராகக் கூப்பிட முடியாது. அதனால் ஷார்ஜா போன், பொதுவெளியில் இருக்கிற ஒரு ரிலே சர்வரிடம் போய், "என்னை யாராவது கேட்டா இங்க சொல்லுங்க" என்று பதிந்து வைக்கும். இதற்கு ரிசர்வேஷன் என்று பெயர். ஒரு மணி நேரம் செல்லும், பிறகு புதுப்பிக்கணும். கடையநல்லூர் போன் அந்த ரிலே வழியாக ஒரு சர்க்யூட் திறக்கும். அந்த சர்க்யூட்டுக்கு இயல்பான எல்லை 2 நிமிடம், 128 கிலோபைட். பேச்சு முழுக்க அதில் போகாது. இரண்டு போனும் கைகுலுக்கி, நேரடி வழி ஒன்றைத் துளைத்துக்கொள்ளும் வரைக்கும்தான் ரிலே.

பக்கத்து வீட்டம்மாவுக்கும் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு. ஒரே ஆளுக்கு மணிக்கு நாற்பது போன் வந்தால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். அந்தப் பொறுமையை எண்ணில் எழுதுவதுதான் ரேட் லிமிட்டர்.

எண்ணில் எப்படி எழுதுவது? ரொம்பப் பேர் பயன்படுத்துவது டோக்கன் பக்கெட் என்கிற முறை. வாளி என்று மொழிபெயர்ப்பார்கள். எனக்கென்னமோ குளம் என்றால்தான் சட்டென்று விளங்குகிறது. கருப்பாநதித் தண்ணீர் கால் வழியாகக் குளத்துக்கு வருது. குளத்துக்கு ஒரு கொள்ளளவு. நிறைஞ்சா மேற்கொண்டு வருகிற தண்ணி மறுகால் பாய்ஞ்சு போயிடும், சேராது. மடையைத் திறந்து எடுக்கிறவர், குளத்தில் இருக்கிற வரைக்கும் எவ்வளவு வேகமாகவும் எடுக்கலாம். காலியான பிறகு, வரத்துக் காலில் வருகிற அளவுக்குத்தான். தண்ணிக்குப் பதில் டோக்கன். ஒரு கோரிக்கைக்கு ஒரு டோக்கன். டோக்கன் இல்லாவிட்டால் கோரிக்கை மறுக்கப்படும்.

ஆக, தேவை இரண்டு எண்கள்: கொள்ளளவு, வரத்து. ஒன்று, சும்மா இருந்தவர் திடீரென்று எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு. இன்னொன்று, நாள் முழுக்கச் சராசரியாக எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு. இரண்டும் வேறுவேறு. என் அனுபவத்தில் ரேட் லிமிட்டர் கான்ஃபிக்கில் வருகிற குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

ரஸ்ட் லிப்-பி2பி ரிலேயில் இந்த இரண்டு எண்களுக்கும் வைத்த பெயர் லிமிட், இன்டர்வல். இயல்பு மதிப்பாக ஒரு பீருக்கு (நெட்வொர்க்கில் ஒரு ஆளுக்கு என்று வச்சுக்குங்க) லிமிட் 30, இன்டர்வல் 120 வினாடி. வாசித்தவுடன் என்ன தோணுது? "120 வினாடிக்குள் 30 தடவை." எனக்குத் தெரிந்து யாரிடம் காட்டினாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் உண்மையான பொருள், குளத்தின் கொள்ளளவு 30, 120 வினாடிக்கு ஒரே ஒரு டோக்கன் வரத்து. இரண்டு வாசிப்புக்கும் நடுவில் முப்பது மடங்கு வித்தியாசம். நிமிஷத்துக்கு 60 வேணும் என்று நினைத்து லிமிட் 60, இன்டர்வல் 60 வினாடி என்று எழுதுகிறவருக்குக் கிடைப்பது நிமிஷத்துக்கு ஒன்று. சோதித்துப் பார்க்கும்போதும் தெரியாது, ஏன்னா முதல் 60 கோரிக்கையும் சரசரன்னு போயிடும்.

அந்த இயல்பு மதிப்புக்கு மேலேயே நிரலில் ஒரு விளக்கக் குறிப்பும் உண்டு: இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு 30 வரை என்ற பொருளில். சராசரிக்கு அது சரி. ஆனால் புதிதாக வருகிறவரின் குளம் நிரம்பியதாகவே தொடங்கும். கைவசம் 30, அந்த மணி நேரத்தில் ஊறி வருவது இன்னொரு 30. ஆக முதல் மணியில் அவர் 60 வரை கேட்கலாம். மணிக்கு 30 என்பது இரண்டாவது மணியிலிருந்துதான் உண்மை. இது பிழை இல்லை, டோக்கன் பக்கெட்டின் குணமே அதுதான். ஆனால் அந்தக் குறிப்பை மட்டும் நம்பி சர்வரின் அளவைத் திட்டமிட்டால் முதல் மணியில் இருமடங்கு பாரம் வரும்.

இதே ரஸ்ட் லிப்-பி2பி மேல் கட்டப்பட்ட லைட்ஹவுஸ் என்கிற எத்தீரியம் மென்பொருளைப் பாருங்க. அதன் ரேட் லிமிட்டருக்கு ஸ்டேட்டஸ்:5/15 என்று ஒரு சரமாக எழுதிக் கொடுக்கலாம். பொருள்: ஸ்டேட்டஸ் கேள்விக்கு 5 டோக்கன், காலியான குளம் முழுசாக நிரம்ப 15 வினாடி. அதாவது மூணு வினாடிக்கு ஒன்று. உள்ளே அதே இரண்டு எண்கள்தான், ஆனால் இரண்டாவது எண்ணுக்குப் பொருள் வேறு. இங்கே ஒரு டோக்கன் ஊறும் நேரம், அங்கே குளம் முழுக்க நிறையும் நேரம். என் ஓட்டு லைட்ஹவுஸுக்கு. "15 வினாடிக்கு 5" என்று மனுஷன் பேசுகிற மாதிரியே வாசிக்க முடியுது. இதை இன்னும் ஒரு படி கொண்டு போனது உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால். அதில் எஸ்எஸ்எச்சுக்கு லிமிட் என்று ஒரு சொல் எழுதினால் போதும். ஒரே ஐபியிலிருந்து 30 வினாடிக்குள் 6 தடவை முயன்றால் தடுத்துவிடும். எண்ணே கேட்பதில்லை. வீட்டு சர்வருக்கு அது நிறைவு. பொதுவில் ஓடும் ரிலேக்கு அது போதாது.

இனி ரிலேயில் நடந்த எளிமையாக்கத்துக்கு வருவோம். தொடக்கத்தில் அந்த கான்ஃபிக்கில் ரேட் லிமிட்டர்களைப் போட ஒரு பட்டியல் இருந்தது. பட்டியல் பொதுவில் திறந்து கிடந்தது. ஆனால் அதற்குள் போட வேண்டிய லிமிட்டரைச் செய்கிற கருவி லைப்ரரிக்கு உள்ளேயே பூட்டிக் கிடந்தது. பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு, அதில் வைக்கிற சாமானைக் கடையில் விற்காத மாதிரி. பிறகு அந்த வகையை வெளியே தெரியும்படி செய்தார்கள். கூடவே நாலு சின்ன வசதிகள் வந்தன: ஒரு பீருக்கு ரிசர்வேஷன், ஒரு ஐபிக்கு ரிசர்வேஷன், ஒரு பீர் திறக்கும் சர்க்யூட், ஒரு ஐபியிலிருந்து திறக்கும் சர்க்யூட். ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு எண்களைக் கொடுத்தால் ஒரே வரியில் முடிந்தது.

நல்ல மாற்றம். நாலு கேள்வியில் "யார்", "எதை" இரண்டுக்கும் பதில், கூப்பிடுகிற பெயரிலேயே வந்துவிட்டது. அடுத்தவர் நிரலை வாசிக்கும்போதே தெரியும். ஆனால் இந்த "யார்" என்பதில்தான் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு வம்பு இருக்கு.

ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆளுக்கொன்று கொடுக்கக் கட்டாது. அதனால் மொபைல் கம்பெனிகளும் பல பிராட்பேண்ட் கம்பெனிகளும் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. இதற்கென்றே 2012ல் 100.64.0.0/10 என்று ஏறக்குறைய 42 லட்சம் முகவரிகளை ஒதுக்கினார்கள். உங்க போனில் அல்லது ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கும் முகவரி தெரிந்தால், நீங்க அந்தக் கூட்டத்தில் ஒருத்தர். வெளியிலிருந்து பார்க்கும் சர்வருக்கு கடையநல்லூர் பேட்டையில் இருக்கிறவரும், சொக்கம்பட்டியில் இருக்கிறவரும், பக்கத்துத் தாலுகாவில் இருக்கிறவரும் ஒரே ஐபியாகத் தெரியலாம். ஷார்ஜா பக்கம் இன்னும் நெருக்கம். கேம்ப் முழுக்க ஒரு வைஃபை, ஒரு ஐபி.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கேம்பில் 80 பேர். எல்லாரும் ஒரே அழைப்பு ஆப் வைத்திருக்கிறார்கள், ரிலே ஒன்றுதான், கான்ஃபிக் இயல்பு மதிப்பு. ஒரு ஐபிக்கு ரிசர்வேஷன் குளத்தின் கொள்ளளவு 60, நிமிஷத்துக்கு ஒரு டோக்கன் வரத்து. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து 80 பேரும் ஆப்பைத் திறக்கிறார்கள். 60 பேருக்கு உடனே ரிசர்வேஷன் கிடைக்குது. மீதி 20 பேருக்கு அடுத்த 20 நிமிஷத்தில் ஒவ்வொன்றாக. சரி, யாரும் பெரிசா கவனிக்க மாட்டாங்க. ஆனால் ரிசர்வேஷன் ஒரு மணி நேரம்தான். 80 பேரும் மணிக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். வரத்தோ மணிக்கு 60. இரண்டாவது மணி தொடங்கும்போது குளத்தில் மிச்சம் 40தான். அங்கிருந்து மணிக்கு 20 பேர் கணக்கில் விழும். யார் விழுவார்கள் என்பது அவரவர் ஆப் எந்த வினாடியில் முயன்றது என்கிற அதிர்ஷ்டம். வீட்டிலிருந்து கூப்பிட்டால் ஒரு நாள் கிடைக்கும், ஒரு நாள் கிடைக்காது. "அவன் ஆப்பு சரியில்ல" என்பதோடு பேச்சு முடிஞ்சுடும். ரேட் லிமிட்டர் மேல யாருக்கும் சந்தேகமே வராது.

இதைவிட நுணுக்கமான ஒன்று உள்ளே இருக்கு. லிமிட்டர்கள் பட்டியலாக இருப்பதால், கோரிக்கை ஒவ்வொரு லிமிட்டரையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். எல்லாம் சம்மதித்தால்தான் அனுமதி. இயல்பு வரிசையில் முதலில் பீருக்கான லிமிட்டர், அடுத்து ஐபிக்கானது. முதலாவது சம்மதித்து ஒரு டோக்கனை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, ஊர்க் குளம் காலி என்று மறுத்துவிடும். ஆனால் முதலில் எடுத்த டோக்கன் திரும்பி வராது. அதாவது, பக்கத்து அறைக்காரர்கள் எடுத்துத் தீர்த்த ஐபி எல்லையால் மறுக்கப்பட்டவர், விடாமல் முயன்றால் தன்னுடைய சொந்த 30 டோக்கனையும் இழப்பார். கொஞ்ச நேரம் கழித்து ஊர்க் குளத்தில் தண்ணி வந்தாலும், அவருடைய சொந்தத் தொட்டி வறண்டு கிடக்கும். எல்லாக் குளத்திலும் தண்ணி இருக்கான்னு முதலில் எட்டிப் பார்த்துட்டு, அப்புறம் ஒரே மூச்சில் எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் இதை யோசிக்கணும்.

"சரி, ஐபி எல்லையைத் தளர்த்திடுவோம்" என்று அந்தப் புது வசதியைக் கூப்பிட்டு, கொள்ளளவு 300, வரத்து 12 வினாடிக்கு ஒன்று என்று கொடுத்தால்? ஒன்றும் மாறாது. ஏன்னா அந்த வசதி பழைய எல்லையை மாற்றுவதில்லை. பட்டியலின் கடைசியில் இன்னொன்றைச் சேர்க்குது. பழைய 60 அங்கேயே நிற்கும். எல்லாரும் சம்மதிக்கணும் என்பதால் இருப்பதிலேயே இறுக்கமானதுதான் ஜெயிக்கும். இந்த வழியில் இறுக்க முடியும், தளர்த்த முடியாது. தளர்த்தணும்னா முதலில் பட்டியலைக் காலி செய்துவிட்டு, வேண்டியவற்றை மறுபடி சேர்க்கணும்.

எளிமையாக்கம் என்று சொல்லும்போது நான் பார்ப்பது இதைத்தான். வரிகள் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த ஒரு வரி சேர்க்குதா மாற்றுதா என்பது பெயரில் தெரியவில்லை என்றால், குழப்பம் போகலை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்திருக்கு. முன்னாடி பட்டியலைக் கையால் கட்டும்போது, அதில் ஏற்கெனவே என்ன இருக்கு என்று பார்த்தே ஆகணும். இப்போ பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

தளர்த்துவதற்கும் ஒரு விலை உண்டு. ரிலே மொத்தமாக வைத்துக்கொள்ளும் ரிசர்வேஷன் இயல்பாக 128. பீர் என்பது ஒரு சாவி ஜோடிதான். ஒரு கெட்டிக்காரன் நொடியில் ஆயிரம் பீர் அடையாளங்களை உருவாக்கிவிடுவான். அவனைப் பிடித்து நிறுத்துவது ஐபி எல்லை மட்டுமே. கணக்குப் பாருங்க: ஒரு ஐபியிலிருந்து முதல் மணியில் அதிகபட்சம் கைவசம் 60, ஊறுவது 60, ஆக 120. அதற்குள் முதலில் எடுத்தவை காலாவதி ஆகத் தொடங்கிடும். 120 என்பது 128க்குக் கீழே. ஆக இயல்பு மதிப்பில், ஒற்றை ஐபியால் ரிலேயை முழுசாக அடைக்க முடியாது. யோசித்து வைத்ததோ தற்செயலோ, கச்சிதமாக இருக்கு. இப்போ ஐபி எல்லையை 300 ஆக்கி, மொத்தத்தை 128லேயே விட்டால், ஒரே ஒருத்தன் ஒரு நிமிஷத்தில் எல்லா இடத்தையும் பிடித்துவிடலாம். கேம்ப்காரர்களுக்குக் கதவைத் திறக்கப் போய், திருடனுக்கும் சேர்த்துத் திறந்த கதை. ஐபி எல்லையைக் கூட்டினால் மொத்த எண்ணிக்கையையும் கூட்டணும். அதுக்கு சர்வரில் இடம் இருக்கான்னு பார்க்கணும்.

நான் சோதனைக்கு ஓட்டும் சின்ன ரிலேயில் இப்போது வைத்திருப்பது: பட்டியலைக் காலி செய்துவிட்டு, பீருக்குப் பழைய 30ஐ அப்படியே சேர்த்தேன், ஐபிக்கு 300, 12 வினாடிக்கு ஒன்று, மொத்த ரிசர்வேஷன் 1024. முதல் மணியில் ஒரு ஐபி அதிகபட்சம் 600 எடுக்கலாம், அப்பவும் மற்றவர்களுக்கு 424 மிச்சம். கூடவே, சர்வர் தொடங்கும்போது நடைமுறையில் இருக்கிற எல்லா எல்லைகளையும் வாக்கியமாக லாகில் எழுதச் செய்திருக்கேன்: "ஒரு ஐபிக்கு, ரிசர்வேஷன், ஒரேயடியாக 300, பிறகு மணிக்கு 300." மணிக்கு எத்தனை என்பதை நிரல்தான் கணக்குப் போட்டு எழுதும், நான் எழுதுவதில்லை. பட்டியலில் பழைய எல்லை ஒன்று ஒளிந்திருந்தால் அதுவும் ஒரு வரியாக வந்து நிற்கும்.

இன்னும் கை வைக்காதது ஐபிவி6. அங்கே பிரச்சினை தலைகீழ். ஒரு வீட்டு இணைப்புக்கோ ஒரு போனுக்கோ பொதுவாக /64 தொகுதி முழுக்கக் கிடைக்கும். அதில் இருக்கும் முகவரிகள் 2இன் 64ஆம் அடுக்கு. ரஸ்ட் ரிலேயின் ஐபி லிமிட்டர் முழு முகவரியையும் ஓர் ஆளாக எண்ணுகிறது. அதனால் முகவரியை மாற்றிக்கொண்டே வருகிற ஒருத்தனுக்கு ஒவ்வொரு தடவையும் புதுக் குளம், நிரம்பிய குளம். கோ மொழி லிப்-பி2பியில் இணைப்புகளின் எண்ணிக்கைக்கு எல்லை வைக்கும்போது, முகவரியின் முன்பகுதியை வைத்துத் தொகுதியாக எண்ணும் வழி இருக்கு. ரஸ்ட் பக்கம் லிமிட்டர் வகை இப்போது வெளியே தெரிவதால், முதல் 64 பிட்டை மட்டும் வெட்டி எடுத்து எண்ணும் ஒரு லிமிட்டரை நாமே எழுதிப் பட்டியலில் போடலாம். அதை எழுதி ஓட்டிப் பார்த்துட்டு, எண்களோடு தனிக் குறிப்பாகப் போடுறேன்.